தோட்டப் பாட்டு எங்கே போனது?

"எல்லாப் பாட்டும் வருது. பாட்டி பாட்டு மட்டும் வரலையேம்மா?"

கடந்த விடுமுறையில் லாபிஸ் வீட்டில் ஒருநாள் காலை ஆறரை மணிக்குத் தாத்தா கேட்ட கேள்வி இது. முதல் நாள் இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, பழைய கணினியில் இருந்த பாட்டு சர்வரைப் புதிய கணினிக்கு மாற்றி முடித்திருந்தேன். கணினித் துறையில் படிக்கும் பேத்தி என்ற பெருமையோடுதான் படுக்கப் போனேன். அந்தப் பெருமை நான்கு மணி நேரம் நீடித்தது.

நீரிழிவு நோயால் தாத்தாவுக்குப் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. கைப்பேசித் திரையைத் தொட்டுப் பாட்டுத் தேடுவது அவரால் ஆகாது. அதனால் தினமும் காலை ஆறரைக்கு அவர் அறையிலுள்ள ஒலிபெருக்கி தானாகவே பாட வேண்டும். பட்டியலில் 52 பதிவுகள். பெரும்பாலானவை பழைய திரைப்பாடல்கள். பதினொன்று மட்டும் எந்தக் கடையிலும் எந்த இணையத்தளத்திலும் கிடைக்காதவை. தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் பாட்டி பாடியதைத் தாத்தா தம் ரேடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். தாலாட்டு, கும்மி, வேலைக்காட்டில் பாடிய பாட்டு எல்லாம் அதில் உண்டு. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் மூன்றாம் படிவம். வீட்டில் அடைந்து கிடந்த அந்த நாட்களில் கேசட்டுகளைக் கணினியில் ஓடவிட்டு எம்பி3 கோப்புகளாக மாற்றினேன். நல்ல வேளையாக அப்போதே செய்தேன். 2023 மார்ச்சில் ஜொகூரில் வெள்ளம் வந்தபோது கட்டிலுக்கு அடியில் இருந்த கேசட் பெட்டி சேற்றோடு போனது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். மிஞ்சியிருந்தவை அந்தப் பதினொரு கோப்புகள்தான்.

அவைதாம் இப்போது ஒலிக்கவில்லை.

பாட்டு சர்வர் என்றதும் பெரிய கருவியை நினைத்துவிடாதீர்கள். வீட்டிலுள்ள ஏதாவது ஒரு கணினியில் ஓடும் மென்பொருள் அது. பாட்டுக் கோப்புகளை வரிசைப்படுத்தி வைத்துக்கொண்டு, வைஃபை வழியாக ஒலிபெருக்கி கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். மாதச் சந்தா கிடையாது, இணையம் அறுந்தாலும் பாட்டு நிற்காது. நான் பயன்படுத்துவதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாட்டுப் பெட்டிக்காக எழுதப்பட்டது இந்த சர்வர். 2006இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டிகளின் தயாரிப்பு 2012இல் நிறுத்தப்பட்டது. மென்பொருளின் மூல நிரல் தொடக்கம் முதலே திறந்த நிலையில் இருந்ததால் தன்னார்வலர்கள் அதைச் சாகவிடவில்லை. 2024இல் அதற்கு லிரியன் மியூசிக் சர்வர் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். பெட்டியைத் தயாரிப்பவர் கைவிட்டுப் பல ஆண்டுகள் ஆகியும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் ஸ்குவீஸ்பாக்ஸ் கிடையாது. கையடக்கமான ரேஸ்பெரி பை ஒன்றை ஒலிபெருக்கியோடு இணைத்து அந்த வேலையைச் செய்ய வைத்திருக்கிறேன்.

ஐந்து ஆண்டுகளாக இந்த சர்வரைச் சுமந்தது, சிங்கப்பூரில் வேலை செய்யும் சித்தப்பா கொடுத்த பழைய மேக் மடிக்கணினி. அதன் பேட்டரி உப்பி, அடித்தட்டு வளைந்துவிட்டது. உப்பிய பேட்டரியோடு கணினியை இரவு பகலாக ஓடவிடுவது ஆபத்து. ஆகவே பழைய மேசைக்கணினி ஒன்றை வாங்கி, லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவி, பாட்டுகளை இரண்டு கணினிகளுக்கும் இடையே வலையமைப்பு வழியாக நகலெடுத்தேன்.

முதல் இரவு எல்லாம் அற்புதமாக வேலை செய்தது. பாட்டி பாட்டும் வந்தது. இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றிரவு பாடியது புதிய கணினியே இல்லை. நான் நிறுத்த மறந்த பழைய மடிக்கணினி. ஒலிபெருக்கியிலுள்ள நிரல் தொடங்கும்போது வீட்டு வலையமைப்பு முழுவதற்கும், 3483 என்ற எண்ணில், "இங்கே சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று கூவும். யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவரோடு சேர்ந்துகொள்ளும். பழையவர் பதில் சொல்லியிருக்கிறார். நான் திரையில் திறந்து பார்த்துப் பெருமைப்பட்டதும் பழையவரின் பக்கம்தான். உலாவியில் சேமித்து வைத்திருந்த முகவரி அவருடையது. படுக்கப் போகுமுன் மடிக்கணினியை அணைத்தேனா, சரி, புதிய கணினியின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்போம் என்று திறந்தால் அங்கே சர்வரே இல்லை.

காரணம் என் வீட்டுப்பாடம். ஒரு கணினிக்கு வலையமைப்பில் ஒரு முகவரிதான், ஆனால் அதற்குள் பல நிரல்கள் ஓடுகின்றன. வரும் செய்தி எந்த நிரலுக்கு என்று பிரித்தறிய போர்ட் எண்கள் இருக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரே முகவரி இருந்தாலும் வீட்டுக்கு வீடு கதவு எண் இருப்பதைப் போல. எண்கள் 65,535 வரை போகும். சாதாரண இணையப் பக்கத்துக்கு 80, பாதுகாப்பான பக்கத்துக்கு 443 என்பது உலக வழக்கம். இந்த சர்வரின் பக்கத்துக்கு வழக்கமான எண் 9000. வழக்கம்தானே தவிர பட்டா எழுதிக் கொடுத்ததில்லை. வேறு பல நிரல்களும் அதே 9000ஐத் தேடி வரும். பல்கலைக்கழகப் பாடம் ஒன்றுக்காக நான் அந்தக் கணினியில் நிறுவியிருந்த நிரல், இயங்கத் தொடங்கிய நொடியே 9000இல் குடியேறிவிட்டது. பிறகு வந்த பாட்டு சர்வர் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்து, பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விட்டது.

அந்த ஒரு வரியைப் படிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. படிக்கத் தெரியாததால் அல்ல, படிக்கத் தோன்றாததால். மென்பொருளை நீக்கினேன், மறுபடி நிறுவினேன், கணினியை மூன்று முறை மறுதொடக்கம் செய்தேன். நம்மில் பலரின் பழக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். பதிவேட்டைத் திறந்ததும் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்ற பொருளில் தெளிவாகவே எழுதியிருந்தது. எந்த எண்ணை எந்த நிரல் பிடித்திருக்கிறது என்று காட்டும் கட்டளை லினக்ஸில் உண்டு. அதை இட்டதும் குற்றவாளி நானே என்று தெரிந்தது. பாட நிரலை 9100க்கு மாற்றினேன். பாட்டு சர்வரின் எண்ணைத் தொடவில்லை. கைப்பேசிச் செயலியும் ஒலிபெருக்கியும் அதை 9000இல் எதிர்பார்த்துப் பழகியவை.

அடுத்த தடை சிறியது. சர்வர் எழுந்துவிட்டது, ஆனால் அதன் கணக்கில் பாட்டுகள் பூஜ்யம். லினக்ஸில் இந்த சர்வர் என் பெயரில் ஓடாது, தனக்கென ஒரு பயனர் பெயரில் ஓடும். பாட்டுகளை நான் என் சொந்தக் கோப்புறைக்குள் நகலெடுத்திருந்தேன். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் ஒருவரின் சொந்தக் கோப்புறையை மற்றப் பயனர்கள் திறக்க முடியாது. பாட்டுகளைப் பொதுவான இடத்துக்கு நகர்த்தி, படிக்கும் அனுமதி கொடுத்தேன். பட்டியல் கோப்பில் ஒவ்வொரு பாட்டின் முழு முகவரியும் எழுதப்பட்டிருக்கும். பழைய கணினியின் முகவரிகளைப் புதியதாக மாற்றினேன். காலை ஆறரை மணி அலாரத்தையும் மறக்காமல் புதிய சர்வரில் வைத்தேன். முதல் பாட்டாக சுசீலாவின் குரல் வந்தது. அத்தோடு படுக்கப் போனேன்.

பிறகுதான் தாத்தாவின் கேள்வி.

முதலில் வயிறு கலங்கியது. நகலெடுக்கும்போது கோப்புகள் விடுபட்டனவா? ஓடிப்போய் கோப்புறையைத் திறந்தேன். பதினொன்றும் இருந்தன. கைவைத்துத் திறந்தால் பாட்டி பாடுகிறார். ஆனால் பட்டியல் வழியாகப் போனால் சர்வர் அந்தப் பெயரைத் தாண்டி அடுத்த பாட்டுக்குப் போய்விடுகிறது. கோப்பு இருக்கிறது. பட்டியலில் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க மறுக்கின்றன.

துப்புக் கொடுத்தவர் தாத்தாதான். அவருக்குப் பட்டியல் மனப்பாடம். "பாட்டி மட்டும் இல்லம்மா, சௌந்தரராஜன் ஒண்ணுகூட வரல. சீர்காழியும் வரல. ராஜா வந்தாரு, ஸ்ரீனிவாஸ் வந்தாரு, சுசீலா, ஜானகி, ஈஸ்வரி எல்லாம் வந்துச்சு" என்றார். 52இல் 29 வந்திருக்கின்றன. 23 வரவில்லை. பாட்டி 11, டி.எம்.சௌந்தரராஜன் 8, சீர்காழி கோவிந்தராஜன் 4. கணக்கு அவ்வளவு சுத்தமாக இருந்ததே ஆச்சரியம். கோப்பு பழுது என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கும். ஆள் பார்த்துப் போகாது. ஏ.எம்.ராஜாவிடம் இல்லாமல் சௌந்தரராஜனிடம் மட்டும் என்ன இருக்கிறது?

பதினைந்து வயதில் நான் கோப்புகளுக்குப் பாடகர் பெயரையும் ஓர் எண்ணையும் மட்டுமே வைத்திருந்தேன். சுசீலா 4, ராஜா 2 என்ற மாதிரி. பாட்டியின் பத்துப் பதிவுகளுக்கு "தோட்டப் பாட்டு" என்று பெயர், ஒன்றுக்குப் "பௌர்ணமிக் கும்மி". தாத்தா வாயில் சீர்காழி என்று வருபவர் என் கோப்பில் கோவிந்தராஜன். வராத பெயர்களைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். தோட்டப், சௌந்தரராஜன், கோவிந்தராஜன், பௌர்ணமி. தோ, சௌ, கோ, பௌ. வந்த பெயர்கள் எதிலும் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் இல்லை.

ஒரு சின்ன நிரல் எழுதி, பட்டியலிலும் கோப்பின் பெயரிலும் உள்ள "தோட்டப்" என்ற சொல்லுக்கு எத்தனை குறியீடுகள் என்று எண்ணச் சொன்னேன். பட்டியலில் 7. கோப்பில் 8. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான்.

கணினி எழுத்தை எண்ணாகவே வைத்திருக்கிறது. யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். இதில் த என்பது 2980. ஓகாரக் குறியான ோ என்பதற்கு 3019 என்று தனி எண் உண்டு. ஆனால் அதே குறியை இரட்டைக்கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். இரண்டு வழியும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. சேர்த்து எழுதும் வடிவத்துக்கு என்.எஃப்.சி. என்றும் பிரித்து எழுதும் வடிவத்துக்கு என்.எஃப்.டி. என்றும் பெயர். தமிழில் இப்படி இரட்டை வாழ்க்கை வாழ்பவை ொ, ோ, ௌ ஆகிய மூன்று குறிகளும் ஔ என்ற உயிரெழுத்தும்தான். மற்ற குறிகளுக்கு ஒரே வழிதான். அதனால்தான் சுசீலாவுக்கும் ஜானகிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் ஆசிரியர் எப்படிச் சொல்லிக் கொடுத்தார் என்று நினைத்துப் பாருங்கள். "இரட்டைக்கொம்பு போடு, த எழுது, கால் போடு." நாம் கையால் எழுதுவது பிரிந்த வடிவம். விசைப்பலகையில் தட்டும்போது பெரும்பாலும் சேர்ந்த வடிவம் வருகிறது. யூனிகோடு 1991இல் முதல் பதிப்பாக வருவதற்கு முன்பே தமிழர்கள் கணினியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டின் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியது 1985இல். அப்போது எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறும். ஓர் எழுத்துருவில் தட்டியதை இன்னோர் எழுத்துருவில் திறந்தால் வெறும் கிறுக்கல். கிறுக்கலாவது கண்ணுக்குத் தெரியும். என் சிக்கலில் வேறுபாடு கண்ணுக்கே தெரியவில்லை.

அப்படியானால் பழைய கணினியில் ஐந்து ஆண்டுகள் எப்படிப் பாடியது? மேக் கணினிகளில் 1998 முதல் பல ஆண்டுகள் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் என்ற கோப்பு முறை, நாம் எப்படித் தட்டினாலும் பெயரைப் பிரிந்த வடிவத்தில் சேமிக்கும். தேடும்போது எந்த வடிவத்தில் கேட்டாலும் இரண்டும் ஒன்றென்று புரிந்துகொண்டு திறந்து கொடுக்கும். 2020இல் தாத்தா வரிசை சொல்லச் சொல்ல, நான் பட்டியலை வேறொரு கணினியில் சேர்ந்த வடிவத்தில் தட்டியிருந்தேன். பழைய கணினி அதைப் பொறுத்துக்கொண்டது. லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைக்குப் பெயர் என்பது எண்களின் வரிசை. ஓர் எண் மாறினாலும் வேறு பெயர். மொழி தெரிந்த வீட்டில் வளர்ந்த பெயர்கள், எண் மட்டும் தெரிந்த வீட்டுக்குக் குடிவந்திருக்கின்றன. இதில் யார்மீதும் பிழை சொல்வதற்கில்லை. அதன் நியாயம் அதற்கு, இதன் நியாயம் இதற்கு.

சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கோப்புப் பெயர்களின் குறியீட்டை மாற்றுவதற்கென்றே கன்வ்எம்வி என்ற சிறு கருவி லினக்ஸில் இருக்கிறது. அதில் எனக்குப் பிடித்த குணம், கேட்டவுடன் மாற்றிவிடாது. என்ன மாற்றப்போகிறேன் என்று முதலில் பட்டியலிட்டுக் காட்டும். நாம் பார்த்து, சரி என்று இன்னொரு முறை சொன்னால்தான் கைவைக்கும். அதற்குள் எனக்கும் கொஞ்சம் பொறுமை வந்திருந்தது. பாட்டியின் பதினொரு கோப்புகளையும் முதலில் இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுத்து, ஒன்றை அத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அதன் பிறகே சரி சொன்னேன். பெயர்கள் சேர்ந்த வடிவத்துக்கு வந்தன. பட்டியலை ஓடவிட்டேன். சௌந்தரராஜன் வந்தார், கோவிந்தராஜன் வந்தார், தோட்டப் பாட்டு பத்தும் வந்தன.

51. ஒன்று இன்னும் வரவில்லை. பௌர்ணமிக் கும்மி.

கருவி ஒன்றை விட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுபடி ஓட்டினாலும் மாற்ற ஒன்றுமில்லை என்றது. எண்களை அச்சிட்டுப் பார்த்தேன். பௌ என்பதைப் பிரித்து எழுதினால் ப, ஒற்றைக்கொம்பு, பிறகு 3031 என்ற ஔகாரக் குறி வர வேண்டும். கோப்பின் பெயரில் 3031 இல்லை, 2995 இருந்தது. 2995 என்பது ள என்ற எழுத்து. அதாவது பதினைந்து வயதில் நான் கோப்புக்குப் "பெளர்ணமி" என்று ளகரம் போட்டுப் பெயர் வைத்திருக்கிறேன். சுவரொட்டிகளிலும் பெயர்ப்பலகைகளிலும் தினமும் பார்க்கும் பிழைதான், பல எழுத்துருக்களில் கண்ணால் பிரித்தறிவதும் கடினம். பட்டியலில் தட்டியபோது சரியாகத் தட்டியிருக்கிறேன். இது யூனிகோடு சொல்லும் சமம் அல்ல, சாதாரண எழுத்துப்பிழை. எந்தக் கருவியும் இதைத் திருத்தாது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட பழைய கணினியும் இதைப் பொறுத்திருக்காது.

அப்போதுதான் உறைத்தது. அந்தக் கும்மி ஐந்து ஆண்டுகளில் ஒருநாள்கூட ஒலித்ததில்லை. தாத்தா ஒருமுறை கேட்டதும் நினைவுக்கு வந்தது. "கோயில்ல பாடின கும்மி ஒண்ணு இருந்துச்சே?" கேசட் கெட்டுப்போயிருக்கும் தாத்தா என்று, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்லியிருந்தேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

பெயரைத் திருத்தினேன். தாத்தாவின் கட்டிலில் உட்கார்ந்து ஒலிக்க விட்டேன். கரகரவென்ற கேசட் சத்தம், கைதட்டல், பிறகு பாட்டியின் குரல், பின்னாலேயே பத்துப் பதினைந்து பெண்கள். இடையில் ஒரு பையன் உரக்கக் கத்துகிறான்.

தாத்தா கையை உயர்த்திப் பேசாதே என்று சைகை காட்டினார். முடிந்ததும் சொன்னார்: "சித்ரா பௌர்ணமி. தோட்டத்து மாரியம்மன் கோயில். அந்தக் கத்துறவன் உங்க அப்பன். ஏழு வயசு. பலூன் கேட்டு அழுவுறான்."

இது எங்கே இருந்தது இத்தனை நாளா என்று கேட்டார். என் எழுத்துப்பிழை என்று சொன்னேன். கொம்பு, கால், ளகரம் எல்லாவற்றையும் விளக்கினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அந்தக் கும்மியைப் பட்டியலின் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவரச் சொன்னார். வரியை வெட்டி மேலே ஒட்டினேன். இம்முறை பெயரைத் திரும்பத் தட்டவில்லை.